அவங்க வாயால சொல்லணும்

ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்கள். டிரைவிங் ஸ்கூல் என்று பெயர்தான் பெரிது. இருப்பதென்னவோ ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறியீடுகள் போட்ட ஒரு பெரிய அட்டை, வாசலில் இரண்டு பழைய கார்கள். இரண்டிலுமே பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக்கும் இன்னொரு கிளட்ச்சும் உண்டு. மாஸ்டரின் ஆயுளில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து இருக்கையில்தான் கழிந்தது.

அவருடைய பொறுமையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ரவுண்டானாவைக் கண்டாலே கை நடுங்கும் பேங்க் அம்மாள் ஒருத்தர், உள்ளே போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தாராம். மாஸ்டர் பாட்டுக்கு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாராம். கடைசியில், "பெட்ரோல் இன்னும் இருக்கு, அவசரமே இல்ல. எந்த ரோடு பிடிச்சிருக்கோ அதுல போங்க" என்றாராம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெரியவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து, குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனபோதும் மாஸ்டர் குரல் உயரவில்லை. "தொட்டி நகரும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது" என்றதோடு சரி.

இந்தப் பொறுமையெல்லாம் வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்குள் வந்தால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊரானுக்கு வைத்திருந்ததில் ஒரு சொட்டுகூட வீட்டுக்கு மிச்சம் இருக்காது. சொந்த மகளுக்கு அவர் கார் சொல்லிக்கொடுத்த கதை இரண்டே நாளில் முடிந்துபோனது. மேட்டில் வண்டி பின்னால் உருண்டதற்கு அவர் போட்ட சத்தத்தில், தெருவில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் எஞ்சினை அணைத்தாள். சாவியை அவர் மடியில் வைத்தாள். இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் எதிர் வரிசையில் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்! அந்த ஸ்கூல்காரன் விடுவானா? "மாஸ்டர் பொண்ணே நம்மகிட்டதான் கத்துக்கிச்சு" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி நடந்து போவார். போட்டுக்கொண்டார் என்பது அவருடைய நடையிலேயே தெரியும்.

மாஸ்டரின் மனைவி அந்த வீட்டில் இல்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, துணி ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவர். போக வேண்டாம் என்றார் மாஸ்டர். போவேன் என்றார் மனைவி. "போனா திரும்பி வராதே" என்று கோபத்தில் ஒரு வார்த்தை. "கூப்பிட்டாத்தானே வர்றதுக்கு" என்று பதிலுக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அடிதடி இல்லை, வழக்கு இல்லை, வேறொரு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அவளே வரட்டும் என்று இவரும், அவரே கூப்பிடட்டும் என்று அவளும் இருந்தார்கள், இருந்தார்கள், அப்படியே இருந்துவிட்டார்கள். மகள் படிப்புக்காக அப்பாவோடு தங்கினாள். பார்த்துக்கொள்ள மாஸ்டரின் அக்கா மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தாள். விடுமுறை விட்டால் அத்தைதான் பிள்ளையை ரயிலேற்றி அம்மாவிடம் கொண்டுபோய் விடுவாள். அந்த நாட்களில் மாஸ்டர் எங்கே போகிறீர்கள் என்றும் கேட்க மாட்டார், போய் வந்தீர்களா என்றும் கேட்க மாட்டார். பள்ளியில் ஆண்டு விழா, பரிசளிப்பு என்று ஏதாவது வந்தால், "அம்மா வருவாங்களாப்பா?" என்று பிள்ளை கேட்கும். "அவங்க வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு தடவைகூட அவர் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்டுவிட்டுச் சொல்வது போலத்தான் சொல்வார்.

அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது கல்யாணம். கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கருவிகளைக் கையாளும் வேலை அவளுக்கு. மாப்பிள்ளை பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறவர். வாய் நிறையப் பல் தெரியச் சிரிப்பார்; தொழிலுக்கு விளம்பரம் என்று அத்தை கேலி செய்வாள். இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. மாஸ்டருக்கோ விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வண்டியில் ஆள் இருக்கும். ஒரு வெட்டிங் பிளானரைப் போட்டுவிடலாம் என்று மகள்தான் சொன்னாள்.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி இது, நம்ம வீட்டுக் கல்யாணத்தை எவளோ வந்து நடத்துறதா? இந்தக் குடும்பத்துல எல்லார் கல்யாணத்தையும் நின்னு நடத்துனது யாரு?"

"நீங்கதான் அத்தை. சித்தப்பா கல்யாணத்துல மாப்பிள்ளையோட செருப்பையும் சாப்பாட்டுக் கூடத்துச் சாவியையும் ஒரே பையில போட்டு, பையை மறந்து வீட்டுல வச்சுட்டு வந்தீங்களே, அதுவும் நீங்கதான்."

"சாப்பாடு கொஞ்சம் லேட்டாச்சு, அவ்வளவுதானே! பசிச்சவன் நல்லாத்தான் சாப்பிட்டான்."

ஆளைத் தேர்ந்தெடுக்கிற வேலை மாஸ்டரிடம் வந்தது. "நீங்க ஒருத்தரைப் பார்த்தா சொல்லிடுவீங்கப்பா, தேறுவாரா மாட்டாரான்னு" என்று மகள் சொன்னதில் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

முதலில் போன இடத்தில் அலுவலகமே கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பூவால் செய்த கூரை, பூவால் செய்த ஊஞ்சல், பூவால் செய்த மயில் என்று ஒரு பையன் பெரிய திரையில் காட்டிக்கொண்டே போனான். மாஸ்டர், "இதுல ஆளுங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார். பையன் படத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். எந்தப் படத்திலும் ஆட்கள் இல்லை.

இரண்டாவது ஆள் தங்கமான மனிதர். என்ன கேட்டாலும் "பண்ணிடலாம் சார்". மழை வந்தால்? பண்ணிடலாம் சார். வெளியே வந்ததும் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு தலையாட்டுறவன்தான் முதல்ல சுவத்துல கொண்டுபோய் இடிப்பான். பாப்பா, இந்த ஆள் வேண்டாம்."

மூன்றாவது ஓர் அம்மாள். நாற்பதைத் தாண்டியவர். விமான நிலையத்தில் கவுன்ட்டரில் நின்று பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். விமானம் தாமதம் என்று கோபக்கார ஜனங்களிடம் சிரித்த முகத்தோடு சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். அலுவலகம் ஒரு தையல் கடைக்கு மேலே, ஒரே அறை. படம் எதுவும் காட்டவில்லை. வந்தவர்களைத்தான் கேள்வி கேட்டார். உங்க வீட்டுல சீக்கிரம் கோபப்படுறது யார்? மாடிப்படி ஏற முடியாதவங்க யார்? யாரையும் யாரையும் பக்கத்துல உக்கார வைக்கக் கூடாது? மேடையில் செயற்கை நீர்வீழ்ச்சி வைக்கலாமா என்று கூட வந்திருந்த அத்தை கேட்டதற்கு, "வேண்டாம்மா. சத்தத்துல யார் பேசுறதும் கேக்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு இந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

"பொண்ணோட அம்மா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

"வேற ஊர்ல இருக்காங்க. பிரிஞ்சு இருக்கோம்" என்றார் மாஸ்டர். "அவங்க வரமாட்டாங்க."

"அவங்களே சொன்னாங்களா சார்?"

மாஸ்டர் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. இது என் வழக்கம்" என்றார் அந்த அம்மாள். "கவுன்ட்டர்ல இருக்கும்போது ஒருத்தர் வந்து, என் மனைவி வரமாட்டா, அவ சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு சொன்னார். நானும் குடுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து நிக்குது. வீட்டுல ஏதோ சண்டை, அவர் கிளம்பிட்டார், இது மனசு மாறி ஓடி வந்திருக்கு. சீட் இல்லைன்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த முகம் எனக்கு மறக்கல சார். அதுலேர்ந்து ஒருத்தர் வரமாட்டாங்கன்னு இன்னொருத்தர் சொன்னா நான் எடுத்துக்கிறதில்ல. அவங்க வாயால சொல்லணும். அதுவரைக்கும் அவங்க இடம் அப்படியே இருக்கும்."

இதைக் கேட்டபோது மாஸ்டர் நியாயம்தான் என்று தலையாட்டினார். தன் வீட்டுச் சங்கதி அது என்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை. ஊருக்கான விதி என்று நினைத்துக்கொண்டார். கீழே இறங்கி வரும்போதே, "இந்தம்மாதான்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கல்யாணம் நெருங்குகிற பாசம் என்று நினைத்து மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். பாவம், அவருக்கென்ன தெரியும்!

அதற்குப் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. அத்தை அந்த அம்மாளுக்கு 'ஏர்போர்ட்' என்று பெயர் வைத்தாள். "ஏர்போர்ட் வந்திருக்கு, ஒரு காபி போடு" என்று அவர் காதில் விழும்படியே சொல்வாள். ஏர்போர்ட்டும் சளைத்தவர் இல்லை. அத்தையின் வாயை அடைக்க வழி தேடாமல், சமையல்காரரை மேய்க்கும் பொறுப்பை அப்படியே அத்தையிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். சமையல்காரருக்குத்தான் தூக்கம் போயிற்று.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம், காலி மண்டபத்தில் ஒத்திகை. யார் எந்த வாசல் வழியே வருவது, மேடைக்கு எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே உட்காருவது என்று நடந்து பார்க்க வேண்டுமாம். நாற்காலிகளில் தாள் ஒட்டியிருந்தார்கள். மாஸ்டர் முன்வரிசையில் தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். 'பெண்ணின் அம்மா' என்று எழுதியிருந்தது.

அவருக்குக் காது சூடானது. ஆனால் எதிரே நிற்பது வெளியாள். வெளியாளிடம் அவருக்குக் கோபப்படத் தெரியாது.

"இதை எடுத்துடுங்க" என்றார், மெதுவாக.

"எடுத்துடலாம் சார். அவங்க சொல்லிட்டாங்களா?"

"சொல்ல வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்."

"சொன்னதும் எடுத்துடறேன் சார்" என்றார் அந்த அம்மாள். விமானம் தாமதம் என்று சொல்கிற அதே குரல். பிறகு மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலிருந்து நடந்து வரச் சொல்வதற்காகப் போய்விட்டார்.

ஒத்திகை முடிகிற வரை மாஸ்டர் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் எழுந்தால் ஒத்திகை நின்றுவிடும்.

அத்தை சமையல்காரரோடு மல்லுக்கு நிற்க அங்கேயே தங்கிவிட்டாள். மகள்தான் வண்டியை எடுத்தாள். ஸ்கூல் கார்தான். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில். இரண்டு தெரு தாண்டியதும் வெடித்தார்.

"நாளைக்கே அந்தம்மாவுக்குக் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம். நம்ம வீட்டு விஷயத்துல அவங்க யாரு மூக்கை நுழைக்க? யார் வருவா, யார் வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா?"

மகள் கண்ணாடியைப் பார்த்தாள். சிக்னல் போட்டாள். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். அந்தக் கோபத்திலும், எதிர் ஸ்கூல்காரன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"அந்தம்மா மேல கோபப்படாதீங்கப்பா. அந்த நாற்காலிக்குக் காரணம் நான்தான்."

"நீயா?"

"அன்னைக்கு அவங்க அந்தக் கேள்வியைக் கேட்டப்போ நீங்க எழுந்து போகல. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அம்மாவைப் பத்தி ஒருத்தர் கேட்டு நீங்க உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்ததை அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன். மறுநாளே போய் அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எனக்காக அப்பாகிட்ட பேசுங்கன்னு கேட்டேன். பேசமாட்டேன்னுட்டாங்க. நாற்காலியைப் போட்டு வைக்கிறேன், பேச வேண்டியது நீதான்னாங்க."

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதை நீயே என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"எப்படிப்பா கேக்கறது? வண்டி பின்னாடி உருண்டதுக்கே நடுரோட்டுல அந்தச் சத்தம் போட்டீங்க." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவரைக் கொன்றது. "ரவுண்டானாவுல சுத்திக்கிட்டே இருந்தாங்களாமே ஒரு பேங்க் அம்மா, அவங்ககிட்ட எவ்வளவு அழகாப் பேசினீங்களாம். ஊரே சொல்லுது. அந்த மாதிரி ஒரு நாள் என்கிட்ட பேசுவீங்களான்னு இருக்கும். வெளியாள் கேட்டா உக்காந்து பதில் சொல்றீங்க. நான் வெளியாள் இல்லையே, நான் என்னப்பா பண்றது?"

மாஸ்டர் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கைப் பார்த்தார். பெற்ற மகள் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்காக, சம்பளத்துக்கு வந்த ஒருத்தியிடம் போய் நின்றிருக்கிறாள். அந்த ஆளைத் தேர்ந்தெடுத்ததும் தானேதான் என்பது நினைவுக்கு வந்தபோது வெட்கமாக இருந்தது. தன் மேலேயே அருவருப்பாகக்கூட இருந்தது.

"உங்கம்மாகிட்ட நீ கேட்டியா?" என்றார் கடைசியில்.

"கேட்டேன். பதில் சொல்லல. பேச்சை மாத்திட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் இதுல மட்டும் நல்ல ஒத்துமை."

சாலையில் ஒரு பால் வண்டி போயிற்று. மாஸ்டர் அது திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பரைப் போடு" என்றார்.

மகள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கியருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சொல்லுடா கண்ணு, ஒத்திகை முடிஞ்சுதா? அந்தச் சிவப்பு ஜாக்கெட் கை சரியா இருந்துச்சா?"

ஒத்திகை வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜாக்கெட்டின் கை வரைக்கும் தெரிந்திருக்கிறது. மாஸ்டர் அந்தக் குரலைக் கேட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அது கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல்.

"நான்தான்" என்றார்.

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது.

"சொல்லுங்க."

"பொண்ணுக்குக் கல்யாணம்."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். நீ வருவியா மாட்டியான்னு..." மாஸ்டர் பாதியில் நிறுத்தி வேறு விதமாகத் தொடங்கினார். "அங்க ஒரு நாற்காலி போட்டிருக்காங்க. நீ வரமாட்டேன்னு நான் சொன்னேன். நீயே சொன்னாத்தான் எடுப்பாங்களாம்."

"அப்ப நாற்காலியை எடுக்கறதுக்காகப் போன் பண்ணீங்களா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடத்தில்தான் அப்பா எப்போதும் எழுந்து போவார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கைகூடக் கதவுப் பிடியில்தான் இருந்தது.

மாஸ்டர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல" என்றார். "கூப்பிடறதுக்காகப் பண்ணேன். அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும். பாப்பாவோட ஸ்கூல் விழாவுக்கெல்லாம் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடாமலே வரமாட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாயிருச்சு. இப்ப கூப்பிடறேன். வா."

இணைப்புப் போய்விட்டதோ என்று மகள் போனைப் பார்த்தாள். போகவில்லை.

"யாரைக் கூப்பிடறீங்க?" என்றது குரல். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எனக்குப் பேர் இருக்குல்ல?"

மாஸ்டர் மனைவியின் பெயரைச் சொன்னார். முதல் தடவை பாதியில் குரல் உடைந்தது. மறுபடியும் முழுசாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து அப்பாவோடேயே வளர்ந்த அந்தப் பெண் தன் அம்மாவின் பெயரை அவர் வாயால் கேட்டது நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"வரேன்" என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டாள்.

மகள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாஸ்டர் அவள் முதுகில் கையை வைத்தார். தட்டுவதா தடவுவதா என்று தெரியாமல் சும்மா வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியைத் திருகப் போனாள்.

"இரும்மா, அவசரமே இல்ல" என்றார் மாஸ்டர், சட்டைக் கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அழுதுட்டே வண்டி ஓட்டக் கூடாது. முடிச்சுட்டு மெதுவாப் போகலாம்."